இல்லம் துலக்கிய பெண்டிரும் தமிழ் இட்ட பெயர்களும்



ஒரு தொழிலைச் செய்வாரை ஒரு மொழி எப்பெயரிட்டு அழைக்கிறது என்பதைக் கொண்டு, அம்மொழி பேசும் மக்கள் அத்தொழிலை எவ்வாறு மதித்தனர் என்பதை அறியலாம். உழுபவன் உழவன் ஆனான்; மரத்தில் பணி செய்பவன் தச்சன் ஆனான். பஞ்சு நூற்றுப் பிழைத்த பெண்ணைப் புறநானூறு பருத்திப் பெண்டு என்று குறித்தது. இவையெல்லாம் தொழிலினின்றும் பிறந்த பெயர்கள். பிறர் வீட்டைக் கூட்டி, தரையை மெழுகி, கலங்களைத் துலக்கி, அவ்வீட்டை மனிதர் வாழ்தற்கு உரியதாக்கும் பெண்ணுக்கு மட்டும் தமிழ் இத்தகைய பெயரொன்றை நிலைநிறுத்தவில்லை. அடியாள், சேடி, ஏவற்பெண், பணிமகள், ஆயா, வேலைக்காரி, பணிப்பெண் எனப் பெயர்கள் பல வந்தன, போயின. அவள் கையால் என்ன செய்தாள் என்பதை இவற்றுள் ஒன்றும் சொல்வதில்லை. யாருக்கு உட்பட்டவள் என்பதையே பெரும்பாலும் சொல்கின்றன. இப்பெயர்களின் போக்கைத் தொடர்ந்து நோக்குவதும், அதில் கவிஞர்க்கு உள்ள பொறுப்பை எண்ணிப் பார்ப்பதுமே இவ்வுரையின் நோக்கமாகும்.

அடியோரும் தோழியும்

தொல்காப்பியம் அடியோர், வினைவலர் என்னும் இரு சொற்களைப் பொருளதிகாரத்தில் ஆள்கிறது. அடியோர் என்போர் பிறர்க்கு அடிமைப்பட்டோர். வினைவலர் என்போர் ஏவிய வினையைச் செய்வோர். இவர்களை அகப்பாடலின் தலைமக்களாகக் கொள்ளுதற்கு இடமுண்டா என்னும் வினாவுக்கு, ஐந்திணைக்குப் புறம்பாகிய கைக்கிளையிலும் பெருந்திணையிலும் கொள்வதற்குத் தடையில்லை என்பது தொல்காப்பியர் விடை. ஒத்த அன்பின் ஐந்திணைக்கு உரிய தலைவியாக ஏவல் செய்யும் பெண் அமைதல் இல்லை என்பது இதன் மறுபக்கம். தமிழ்க் கவிதையின் வாயிலிலேயே அவளுக்கு ஓர் எல்லை வரையப்பட்டுவிட்டது.

அப்படியாயின் அகப்பாடல்களில் அவள் எங்கே இருக்கிறாள்? தோழி என்னும் பெயருக்குள் இருக்கிறாள் எனலாம். தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியர் அவள் பிறப்பைச் சுட்டுகிறார். செவிலி தலைவியை வளர்க்கும் பணிக்கு அமைந்தவள். அவள் மகள் தலைவிக்குத் துணையாக அமைகிறாள். தாயின் பணி மகளுக்குத் தொடரும் குடும்பமுறை இது. தோழி அறிவுடையவள், சொல்வன்மை உடையவள், களவையும் கற்பையும் நடத்திச் செல்பவள். ஆயினும் அவளுக்கென ஒரு காதல், ஒரு வீடு, ஒரு துயர் எந்த அகப்பாடலிலும் மையமாவதில்லை. நட்பின் பெயரால் பணி மறைந்துவிடுகிறது.

சிலப்பதிகாரம் இம்மறைப்பைச் சற்றே விலக்குகிறது. வாழ்த்துக் காதையில் கண்ணகியை நினைந்து அரற்றுவோர் மூவர்: தேவந்தி, செவிலித்தாய், அடித்தோழி. அடித்தோழி என்னும் அக்கூட்டுச்சொல் கருதத்தக்கது. அடிமையும் தோழமையும் ஒரே சொல்லில் அருகருகே நிற்கின்றன. அம்மூவருள் பெயர் பெற்றவள் தேவந்தி ஒருத்தியே. மற்ற இருவரும் தாம் செய்த பணியாலேயே அறியப்படுகின்றனர். மாதவியின் வீட்டிலும் இந்நிலை உண்டு. திருமுகம் கொண்டு சென்ற வசந்தமாலைக்குப் பெயர் கிடைத்தது. மாலையை விலை கூறிய கூனிக்கு உடற்குறையே பெயராயிற்று.

அழுக்கை நீக்கியவளும் அழுக்கான சொல்லும்

சங்கப் பாடல்களில் தூய்மைத் தொழிலாளி ஒருத்தி வெளிப்படையாகவே வருகிறாள். அவள் புலைத்தி. ஆடை வெளுப்பது அவள் தொழில். களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்த ஆடையை உடுத்தவனாகப் புறநானூற்றுப் பாடலொன்று ஒரு வீரனைக் காட்டுகிறது. அவ்வீரனின் வெண்மை அவள் கையினின்றும் வந்தது. குறுந்தொகையில் வரும் புலைத்தியோ நலமும் தகைமையும் உடையவளாகவே அடைமொழி பெறுகிறாள். கஞ்சியிட்ட ஆடையை அவள் நீரில் விடும் காட்சி ஒரு மலருக்கு உவமையாகிறது. கவிஞரின் கண் அவள் கையின் இயக்கத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது.

பிற்காலத்தில் இச்சொல்லுக்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. புலை என்பது இழிவு, தீட்டு என்னும் பொருளில் நிலைத்தது. புலைத்தி என்பது பிறப்பால் ஒதுக்கப்பட்டவளைச் சுட்டும் வசையாயிற்று. அழுக்கை அகற்றியவளின் பெயரே அழுக்கின் பெயராக மாற்றப்பட்டது. இம்மாற்றத்தைச் சொல்லின் இயல்பான தேய்வு என்று ஒதுக்கிவிட இயலாது. சாதி, தொழிலின் மீது ஏறி அமர்ந்து, சொல்லையும் தன் கைக்குள் கொண்டதன் விளைவு அது.

திருவலகும் விளக்குமாறும்

இதற்கு நேர்மாறான ஓர் வரலாறும் தமிழில் உண்டு. பக்தி இயக்கம் கோயிலைத் துலக்கும் பணியைத் திருப்பணி ஆக்கியது. கோயிலைக் கூட்டுவது திருவலகு. சாணமிட்டு மெழுகுவது திருமெழுக்கு. திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது புல்லைச் செதுக்கும் உழவாரம். அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் பொழுது புலருமுன் எழுந்து அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்ததைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகள் திருமெழுக்குப்புறம் என்று நிலக்கொடை ஒன்றைக் குறிப்பிடுகின்றன. மெழுகும் பணிக்காக விடப்பட்ட நிலம் அது. பணிக்குப் பெயரும் உண்டு, பெயருக்குத் திரு என்னும் அடையும் உண்டு, பணி செய்வார்க்கு நிலமும் நெல்லும் உண்டு.

அதே துடைப்பம் வீட்டுக்குள் வந்தால் நிலைமை வேறாகிறது. தமிழகத்தில் அதற்கு எத்தனை பெயர்கள்! துடைப்பம், விளக்குமாறு, வாரியல், வாருகோல், சீமாறு, பெருக்குமாறு என்று வட்டாரந்தோறும் பெயர் வேறுபடுகிறது. விளக்குதல் என்பது துலக்கித் தூய்மை செய்தல்; மாறு என்பது மிலாறு. ஒளிதரும் விளக்கும் துலக்குதலாகிய விளக்கும் ஒரே சொல்லில் உறைகின்றன. இத்தனை அழகிய சொற்கள் இருந்தும், தெருச்சண்டையில் ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமாயின் அக்கருவியின் பெயரே முதலில் வாயில் வருகிறது. கருவிக்கு ஆறு பெயர் வைத்த மொழி, அதை ஏந்திய பெண்ணுக்கு அக்கருவியைக் கொண்டு மதிப்பான பெயர் ஒன்று வைக்கவில்லை.

செயலின் பெயரிலும் ஒரு நயம் உண்டு. சில வட்டாரத்தார் கூட்டுதல் என்பர். சில வட்டாரத்தார் பெருக்குதல் என்பர். இரண்டும் சேர்த்துக் கூட்டிப் பெருக்குதல் என்பதும் வழக்கு. நாள்தோறும் கூட்டியும் பெருக்கியும் வரும் பெண்ணுக்குச் சம்பளக் கணக்கில் மட்டும் கழித்தலே மிகுதி. விடுப்பு எடுத்த நாளுக்குக் கழிவு. கைதவறி உடைந்த கலத்துக்குக் கழிவு. முன்பணம் வாங்கியதற்குக் கழிவு. இலக்கணத்தில் இல்லாத இக்கணக்கை வீடுகள் அறியும்.

கப்பலில் வந்த பெயர்

ஐரோப்பியர் வரவுக்குப்பின் வீட்டுப் பணியின் சொற்கோவையில் புதிய வரவுகள் நேர்ந்தன. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியன போர்த்துக்கீசிய மொழியினின்றும் தமிழில் கலந்தவை. ஆயா என்பதும் அவ்வழி வந்ததே. ஐரோப்பியர் இல்லங்களில் குழந்தை பேணவும் சீமாட்டிக்குத் துணைசெய்யவும் அமைந்த பெண்ணை அது குறித்தது. துடைக்கப்படும் பொருள்களின் பெயர்களும் துடைப்பவளின் பெயரும் ஒரே கப்பலில் வந்திறங்கின. தமிழ் வழக்கில் பாட்டியை ஆயா என்றழைக்கும் மரபு சில பகுதிகளில் உண்டு ஆதலின், வந்த சொல் இருந்த சொல்லோடு எளிதில் ஒன்றியது. பின்னர் அது மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பரவியது. உறவின் சாயல் அச்சொல்லுக்கு ஒரு கனிவைத் தந்தது உண்மை. அக்கனிவே ஊதியம் கேட்கும் வாயை அடைத்ததும் உண்மை. பாட்டியை ஒத்தவள் கணக்குப் பார்ப்பாளா என்று கேட்பது எளிதாயிற்று.

அலுவலகங்களில் மற்றொரு சொல் புகுந்தது. மசால்ஜி என்பது தீவட்டி ஏந்துபவனைக் குறித்த சொல். விளக்கு ஏந்தும் பணி மறைந்தபின் அப்பெயர் கலம் கழுவுவோர்க்கும் கடைநிலைப் பணியாளர்க்கும் வழங்கலாயிற்று. தமிழக நீதிமன்றங்களின் பணியிடப் பெயர்களுள் அது இன்றளவும் உள்ளது. அப்பெயரால் பணியாற்றுவோருள் அதன் பொருள் ஒளி ஏந்துவோர் என்பதை அறிந்தோர் சிலரே இருப்பர்.

காரியும் அம்மாவும்

இருபதாம் நூற்றாண்டில் மிகப் பரவலாக வழங்கிய பெயர் வேலைக்காரி என்பதே. அறிஞர் அண்ணாவின் நாடகம் அப்பெயரைத் தலைப்பாகவே தாங்கியது. 1949-இல் அது திரைப்படமாகி ஊர்தோறும் சுவரொட்டிகளில் அச்சொல் இடம்பெற்றது. கதையில் அவளுக்கு அமிர்தம் என்று பெயருண்டு. வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் வழங்கிய ஒரு பெயர் முதன்முறையாகத் தெருவில் பெரிய எழுத்தில் நின்றது எனலாம்.

காரி என்னும் ஈறு தன்னளவில் இழிவானதன்று. வீட்டுக்காரி, பணக்காரி, கடைக்காரி என்று உடைமையாளரையும் அது குறிக்கும். ஈறு ஒன்றாயினும் முன்னிற்கும் சொல்லே மதிப்பை முடிவு செய்கிறது. மேலும் ஒரு குறை: வேலைக்காரன் என்பதற்கு வேலைக்காரர் என உயர்வு வடிவம் உண்டு, வேலைக்காரி என்பதை அவ்வாறு உயர்த்த இலக்கணம் இடந்தரவில்லை. இக்குறையை மக்கள் வழக்கு தானே நிறைவு செய்தது. வேலைக்காரம்மா என்று அழைத்தனர். இலக்கணம் கைவிட்ட இடத்தில் அம்மா என்னும் சொல் கைகொடுத்தது.

எனினும் அழைக்கும் முறை இருவழிப் பாதையாக இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. அந்நூலில் நிலவுடைமையாளர் வீட்டில் வேலை செய்யும் முதிய பாட்டியை அவ்வீட்டுச் சிறுபிள்ளைகள் பெயர்சொல்லி ஏவுகின்றனர். பாட்டியோ அப்பிள்ளைகளை ஐயா என்று விளிக்கிறார். வயதுக்கு மதிப்பளிக்கும் பண்பாடு என்று தமிழர் பெருமை பேசுவதுண்டு. அப்பெருமை அடுக்களையின் பின்கட்டுக் கதவருகே நின்றுவிடுவதை இப்பகுதி காட்டுகிறது.

பணிப்பெண் என்னும் சொல்லின் நிலையும் இங்கே ஒப்பிடத்தக்கது. விமானப் பணிப்பெண் என்றால் சமூகம் நிமிர்ந்து பார்க்கிறது. வீட்டுப் பணிப்பெண் என்றால் குனிந்து பார்க்கிறது. இலங்கையினின்றும் மேற்காசிய நாடுகளுக்குச் செல்லும் பெண்களைச் செய்தித்தாள்கள் பணிப்பெண்கள் என்றே எழுதுகின்றன. ஒரே சொல், ஒரே விமானம். ஒருத்தி உணவு பரிமாறிச் செல்கிறாள், மற்றொருத்தி குழந்தையைப் பிரிந்து செல்கிறாள்.

பத்துப்பாத்திரமும் மகனின் கதையும்

பத்துப்பாத்திரம் தேய்த்தல் என்பது தமிழில் ஆழமாக வேரூன்றிய தொடர். பத்து என்பது எண்ணன்று. பற்று என்பதன் திரிபு. சோறும் குழம்பும் பற்றிய கலம் பற்றுப்பாத்திரம். பேச்சு வழக்கில் பற்று பத்தாகியது. இத்தொடரைத் தமிழர் எங்குக் கேட்டிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். திரைப்படத்தில் தாய் மகனிடம் கண்ணீரோடு சொல்வாள்: பத்துப்பாத்திரம் தேய்த்து உன்னைப் படிக்கவைத்தேன் என்று. மேடையில் உயர்ந்த நிலை எய்திய மகன் தாயைப் புகழ்ந்து இதனையே கூறுவான். தாயின் உழைப்பு மகனின் வெற்றிக் கதைக்கு முன்னுரையாகவே நினைக்கப்படுகிறது. அவள் எத்தனை வீடுகளில் வேலை செய்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், கைத்தோல் எப்படிப் போயிற்று, மாதம் என்ன பெற்றாள் என்னும் வினாக்கள் எழுவதில்லை. மகன் உயரவில்லையாயின் அவ்வுழைப்பைச் சொல்லவே ஆளில்லை.

இக்காரணத்தாலேயே தமிழ்க் கவிதையிலும் அவள் தாயாக மட்டும் வருகிறாள். தொழிலாளியாக அரிதாகவே வருகிறாள். 1917-இல் வெளிவந்த பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' இதற்குச் சான்றாகும். கண்ணன் அங்கே தாயாகவும் தந்தையாகவும் அரசனாகவும் சேவகனாகவும் வருகிறான். கண்ணம்மா குழந்தையாகிறாள், காதலியாகிறாள், குலதெய்வமும் ஆகிறாள். சேவகியாக மட்டும் அவள் வரவில்லை. இறைவனைச் சேவகனாகக் காணும் துணிவு பெற்ற பெருங்கவிஞரின் பட்டியலிலும் பெண்ணுக்கு அவ்விடம் வாய்க்கவில்லை.

முறைக்கு வருபவள்

ஆங்கிலேயர் நிலையும் பெரிதும் மேம்பட்டதன்று. வீடும் அலுவலகமும் துலக்கக் கூலிக்கு அமர்ந்த பெண்ணை அவர்கள் சார்வுமன் என்றனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழங்கிய சொல் அது. அதன் முதற்பகுதி, திரும்புதல், ஒருமுறை என்னும் பொருளுடைய பழஞ்சொல்லினின்றும் வந்தது. ஆகவே சார்வுமன் என்பவள் முறைக்கு வருபவள். பின்னர் மரியாதை கருதி அதனைச் சார்லேடி என்று மாற்றினர். சீமாட்டி என்னும் ஈறு சேர்ந்தும் மதிப்புக் கூடவில்லை; நகைச்சுவையே கூடியது. இன்று இரு சொற்களும் பழமைப்பட்டுவிட்டன.

தமிழிலும் இதே கருத்தில் ஒரு சொல் உண்டு என்பது வியப்புக்குரியது. ஒண்டுக்குடித்தன வீடுகளில் வழங்கிய முறைவாசல் என்பதே அது. பல குடும்பங்கள் வாழும் வீட்டில் வாசல் தெளித்துக் கோலமிடும் கடமை முறைவைத்து வரும். தம் முறையைத் தாமே செய்ய இயலாதோர் காசு கொடுத்து ஒரு பெண்ணை அமர்த்தினர். நாளடைவில் அக்கடமைக்கும் அக்காசுக்கும் முறைவாசல் என்பதே பெயராயிற்று. சார்வுமன் என்பதைப் போன்று அமைந்திருந்தும், இச்சொல்லில் ஓர் உயர்வு உண்டு. துலக்குதல் எல்லோர்க்கும் உரிய கடமை, முறைப்படி ஒவ்வொருவர்க்கும் வருவது என்னும் நினைவு அதனுள் தங்கியிருக்கிறது. தம் முறையைப் பிறர் கையில் கொடுத்தோர் கடன்பட்டோர் ஆவர்.

காதரின் மான்ஸ்ஃபீல்ட் 1921-இல் எழுதிய 'மா பார்க்கரின் வாழ்க்கை' என்னும் சிறுகதை கவிஞர் அவையில் நினைக்கத்தக்கது. மா பார்க்கர் வாரத்தில் ஒருநாள் ஓர் எழுத்தாளரின் அறையைத் துலக்க வருபவள். பேரனை அடக்கம் செய்த மறுநாளும் வேலைக்கு வருகிறாள். எழுத்தாளர் சடங்குக்காக இரண்டு சொல் கேட்டுவிட்டுத் தம் உணவுக்குத் திரும்புகிறார். வாழ்நாள் முழுதும் அழாத அவள் அன்று அழ விரும்புகிறாள். அழுவதற்கு ஓரிடம் அந்நகரில் அவளுக்கு இல்லை. அக்கதையில் துலக்குபவளுக்குப் பெயர் உண்டு. எழுத்தாளருக்கு இல்லை, அவர் வெறும் இலக்கியப் பெருமகன். பெயர் தரும் உரிமையை மான்ஸ்ஃபீல்ட் எப்பக்கம் செலுத்தினார் என்பது நோக்கத்தக்கது.

சட்டம் இட்ட பெயர்

அண்மைக் காலத்தில் பெயரிடும் பணியை அரசும் மேற்கொண்டது. துப்புரவுப் பணியாளர் என்பது நெடுங்காலம் அலுவலக வழக்கு. துப்புரவு என்னும் சொல்லை வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் நுகரத்தகும் பொருள் என்னும் கருத்தில் ஆள்கிறார். அஃது இல்லாதார் வறியர். பிற்காலத்தில் அது தூய்மையைக் குறித்தது. ஊருக்குத் துப்புரவு தந்தோர், வள்ளுவர் கொண்ட பொருளில் துப்புரவு அற்றோராகவே இருந்தனர். 2020-இல் அப்பெயர் தூய்மைப் பணியாளர் என மாற்றப்பட்டது. நல்ல சொல்லே. ஆயின் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன் பல நாள் அமர்ந்து போராடிய தூய்மைப் பணியாளர்கள், அவர்களுள் பெண்கள் மிகப் பலர், வேண்டியது பெயரை அன்று. பணி தனியாரிடம் போகாதிருத்தலையும் பணி நிலைப்பையுமே வேண்டினர்.

வீட்டுப் பணிக்கு வேறொரு பெயர் கிடைத்தது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2007-இல் வீட்டுப் பணியாளர்க்கென நலவாரியம் அமைந்தது. 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்க்குரிய 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தும் இன்னும் ஏற்புறுதி வழங்கவில்லை. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொண்டு வீட்டுப் பணியாளரைப் பெயர்சொல்லிக் காத்தது. பணியாளர் என்பது அழகாலோ பழமையாலோ சிறந்த சொல்லன்று. எனினும் முந்தைய பெயர்கள் எதற்கும் இல்லாத ஒன்று அதற்கு உண்டு. அப்பெயரைச் சொல்லி ஒரு பெண் வாரியத்தில் பதிவு செய்யலாம், முறையிடலாம், உதவி கோரலாம். பெயருக்குப் பின்னே உரிமை நிற்கும்போதுதான் பெயர் தேயாது நிற்கிறது. உரிமையில்லாத பெயர் எத்தனை இனிதாயினும், தோழி ஆயினும் ஆயா ஆயினும், சில தலைமுறைக்குள் இழிவை ஏற்றுக்கொள்ளும். புலைத்தியின் வரலாறு இதற்குப் போதிய சான்று.

கவிஞர் கடன்

உரிமையைச் சட்டம் தரட்டும். கவிஞர் செய்யத்தக்கது யாது? மூன்று கூறலாம். முதலாவது, அவளைத் தாய்மையின் உவமையாக மட்டும் காணாது தொழிலாளியாகக் காணுதல். சாம்பலும் தேங்காய்நாரும் போய்ப் பொடியும் கம்பிநாரும் வந்தன. குந்தியிருந்து தேய்த்த இடத்தில் நின்று தேய்க்கும் தொட்டி வந்தது. மெழுகிய தரை போய்ச் சலவைக்கல் வந்தது. இம்மாற்றங்கள் அவள் முதுகிலும் முழங்காலிலும் கையிலும் எழுதிய வரலாறு கவிதைக்கு உரிய பொருள். கஞ்சியிட்ட ஆடையைப் புலைத்தி நீரில் விடுவதைக் கண்ட சங்கப் புலவரின் கண் இன்றைய கவிஞர்க்கும் வேண்டும்.

இரண்டாவது, வட்டார வழக்கில் சிதறிக் கிடக்கும் இத்தொழிற் சொற்களைத் தொகுத்தல். வாரியலும் சீமாறும் முறைவாசலும் பற்றுப்பாத்திரமும் அகராதியின் ஓரத்தில் மட்டும் உயிர்வாழத் தக்கன அல்ல. அவற்றைச் சொல்லும் பெண்களிடமே கேட்டுத் தொகுத்தால் தமிழின் செல்வம் பெருகும்.

மூன்றாவது, மிக எளியது. எந்த இலக்கியக் கூட்டமும் கூடுவதற்குமுன் அரங்கைக் கூட்டியவர் ஒருவர் உண்டு. நாற்காலியின் தூசி துடைத்து, நேற்றைய மாலையின் உதிர்ந்த இதழ்களை வாரி, குடிநீர்க் குவளை கழுவி வைத்தவர் அவர். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்றின் நன்றியுரைகளில் புரவலர் பெயரும் அச்சகத்தார் பெயரும் ஒலிபெருக்கி அமைத்தவர் பெயரும் இடம்பெறுதல் மரபு. அவற்றோடு அரங்கைத் துலக்கியவரின் பெயரும் இனி இடம்பெறல் வேண்டும். வேலைக்காரி என்றோ ஆயா என்றோ பணியாளர் என்றோ அன்று. அவருடைய சொந்தப் பெயர். அதற்கு முதலில் அப்பெயர் யாதென்று அவரிடம் கேட்க வேண்டியிருக்கும். அக்கேள்வியைக் கேட்பதிலிருந்து பதினோராம் ஆண்டு தொடங்கலாம்.